கதிரேசன் தோட்டத்துப் பூ

வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்துவிட்டே சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

பஃபலோ ரோட்டில் கமலாவின் பூக்கடை. அவளுக்குச் சரம் கட்டிக் கொடுக்கும் கிழவன் நான். ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து இங்கே கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் கதிரேசன் ஞாயிறு தவறாமல் வருவான். மல்லிகைச் சரத்தை எடுத்து மூக்கில் வைத்து உறிஞ்சுவான்.

"நம்ம தோட்டத்துப் பூதான் தாத்தா. தெக்கு வரப்புச் செடி. வெள்ளாடு வாய் வச்சிருக்கு."

ஊருக்குப் போன் போட்டால், ஆடு மேய்ந்தது உண்மையாக இருக்கும். வாரம் முழுக்கப் பெயிண்ட் நெடியில் கிடக்கும் மூக்குக்கு அப்படியொரு கூர்மை.

"மோந்த பூவ நான் சாமிக்கு விக்க முடியாது லா! நீயே வாங்கிக்க" என்பாள் கமலா.

"யாருக்குக்கா வாங்க? வைக்கிறவ ஊர்லல்ல இருக்கா."

வைக்கிறவள், அவன் மனைவி பஞ்சவர்ணம். திண்டுக்கல் பக்கம் தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அந்த ஊருக்கு வறுமையை ஒழிக்க ஒரு குடிநீர்த் திட்டம் வந்தது. வெளிநாட்டு வங்கி கடன் கொடுத்தது; அரசாங்கம் ஜாமீன் நின்றது; ஒரு தனியார் கம்பெனி வீட்டுக்கு வீடு குழாயும் மீட்டரும் வைத்தது. நல்ல தண்ணீர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனிக்கு நட்டம் வரக் கூடாதே? அதனால் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். தோட்டத்துக் கிணறுகளின் மோட்டாரைக் கழற்றிச் சீல் வைத்தார்கள். வறுமை ஒழிந்த செய்தியை விழா எடுத்து அறிவித்தார்கள். கேட்க ஊரில் பாதிப் பேர் இல்லை. பிழைப்புத் தேடித் திருப்பூர் போய்விட்டார்கள்.

"தோட்டம் என்னாச்சு புள்ள?" கதிரேசன் கடை வாசலிலேயே நின்று போனில் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. குழாத் தண்ணிய ஊத்திக் காப்பாத்திட்டேன். நீங்க வேலையப் பாருங்க."

அவள் குரல் கம்மியிருந்தது எனக்கே கேட்டது.

வேலை அனுமதியைப் புதுப்பிக்கட்டுமா என்று முதலாளி கேட்ட வாரம், கதிரேசன் பூவிடம்தான் யோசனை கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தான்.

"செழிப்பா இருக்கு தாத்தா. அவ பொய் சொல்லல. தோட்டம் இருக்கையில எனக்கு இங்க என்ன வேலை? புதுப்பிக்க வேணாம்னு சொல்லிட்டு ஊருக்குப் போறேன்."

முதல் தடவையாகக் காசை நீட்டினான். "ரெண்டு முழம் குடுங்கக்கா. நம்ம பூவ நானே கொண்டுபோய் அவ தலையில வைக்கிறேன்."

கமலா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சரம் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் காசை வாங்காமல் பூவை மட்டும் பொட்டலமாகக் கொடுத்தாள். அந்த வாரமே அவன் விமானம் ஏறிவிட்டான்.

கமலா கடை மல்லிகை எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டு ஜோகூரில் பூக்கிறது. தினமும் விடிந்ததும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக லாரியில் வரும்.