அதிகாரி தேடிய வீடு

கட்டடக் கலைஞர் சொர்நீத்சா தனியாகப் பொறுப்பேற்று வரைந்த முதல் வீடு அது. பிளோவ்திவ் நகரத்துப் பல் மருத்துவர் ஓக்னியானுக்காக ரொடோப் மலைச்சரிவில் கட்டியது. "மலைக்குக் கொஞ்சமும் வலிக்கக் கூடாது" என்று அவருடைய மனைவி லில்யானா முதல் நாளே கேட்டுக்கொண்டாள். சொர்நீத்சா அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். ஒரு மரம்கூட வெட்டவில்லை. வீட்டைச் சரிவுக்குள் செருகி, தோண்டிய மண்ணையே கூரைமேல் பரப்பி, அந்த மலையின் புல்லையே வளரவிட்டாள். வாசலை மறைத்து நின்ற புதர்களைத் தொடவே இல்லை. இரண்டு வருடத்தில் கூரைப்புல் இடுப்பளவு வந்துவிட்டது. பக்கத்து நிலத்து ஸ்தாமென் தன் ஆடுகளை வழக்கம்போல அங்கே மேய்த்துக்கொண்டிருந்தார்.

குடியேறும் சான்றிதழ் இருந்தால்தான் மின் இணைப்பு கிடைக்கும். அதற்காக மே மாதம் ஹஜியேவ் என்ற அதிகாரி வந்தார். அவரைச் சொர்நீத்சாதான் மேலே அழைத்துப் போனாள்.

"வீடு எங்க மேடம்?"

"அது மேலதான் சார் நிக்கிறீங்க."

ஹஜியேவ் சட்டென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கீழே பார்த்தார். "என்னை வச்சு வேடிக்கை காட்றீங்களா?"

மின்சாரம் இல்லாததால் கீழே லில்யானா விறகடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். புல்லுக்கு நடுவிலிருந்து புகை கிளம்பியதும் ஹஜியேவ் பதறிப்போனார். சொர்நீத்சா தடுப்பதற்குள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் புகைபோக்கிக்குள் கவிழ்த்துவிட்டார்.

"ஐயையோ, என் அடுப்பு!" என்று ஒரு குரல் கேட்டது.

"புல்லு கத்துதும்மா!" என்றார் அவர், முகம் வெளுத்து.

அவரைப் புதர் வழியாக உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். ஈரமான அடுப்பிலிருந்து பாதி வெந்த பனீத்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தை எடுத்துக் கொடுத்தாள் லில்யானா. இரண்டு துண்டு தின்று, ஒரு கோப்பை மோர் குடித்து, எல்லா அறைகளையும் அளந்து பார்த்தார்.

"அருமையான வீடு. ஒரு குறையும் இல்ல. வெளியில இருந்து ஒரு போட்டோ மட்டும் வேணும். அதுல வீடு தெரியணும்."

பதினோரு போட்டோ எடுத்தார். எல்லாவற்றிலும் புல், புதர், ஆடு.

"ஒரே ஒரு நாளைக்குக் கூரையில சிவப்பு ஓடு அடுக்கிடலாமே" என்றார் ஓக்னியான்.

"அதுக்குப் பேசாம என் மூக்கை அறுத்து அங்க வச்சிடுங்க டாக்டர்!" என்று சீறினாள் சொர்நீத்சா.

ஸ்தாமென் மேலிருந்து குரல் கொடுத்தார்: "என் ஆடுங்க ரெண்டு வருஷமா மேயுது. அதுங்களுக்கே தெரியல, அவருக்கு எங்க தெரியப்போவுது?"

கடைசியில் ஓக்னியானும் லில்யானாவும் இரண்டு மகள்களும் சன்னல்களைத் திறந்து புதர்களுக்கு நடுவே தலையை நீட்டிக் கையசைத்தார்கள். ஹஜியேவ் பன்னிரண்டாவது போட்டோவை எடுத்துப் பார்த்தார்.

"தலைங்க தெரியுது. வீடு தெரியல."

மனிதர் நேர்மையானவர். பொய் எழுத அவருக்கு வரவில்லை. வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, படத்தில் கண்டதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'மேய்ச்சல் நிலம். ஆடுகள் ஒன்பது. புதருக்குள் நான்கு.'

மேய்ச்சல் நிலத்துக்குத் தண்ணீர் இறைக்க மின் இணைப்பு உண்டு. பத்தே நாளில் கம்பி வந்தது, விளக்கும் எரிந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

ஜூன் மாதம் ஓக்னியான் போனில் கத்தினார். "கால்நடை டாக்டர் வந்திருக்காரும்மா! ஆடு ஒன்பதுக்கும் ஊசி போட்டாச்சாம். புதருக்குள்ள இருக்கிற நாலையும் பிடிச்சுக் குடுங்கன்னு நிக்கிறாரு!"

சொர்நீத்சாவுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவரு வீட்டைக் கண்டுபிடிச்சாரா டாக்டர்?"

"எங்க? என் பொண்ணு போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா!"

அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஊசி மருந்து மனிதர்களுக்கு ஆகுமா என்று விசாரிக்க வேண்டும் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.