பக்கத்து சீட் பெல்ட்

தவறு எங்களுடையதுதான் என்று ஜப்பானில் இருக்கும் தலைமை அலுவலகமே எழுதிக் கொடுத்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றவர்கள் வண்டியை வாங்கியவர்கள்.

நான் அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் போன் பேசுகிற வேலையில் இருக்கிறேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேஜை, அந்தப் பக்கம் வண்டிகளைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட். டயர் கழற்றும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஆனால் மரியாதை குறையாமல் பேச வேண்டும். ஒன்பது வருடத்தில் அதற்கெல்லாம் பழகிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குத் தொண்டைத்தண்ணீர் வற்றியது.

விஷயம் சின்னது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏழு மாத காலத்தில் செய்த வண்டிகளில், ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் பெல்ட் லாக்கில் இருக்கும் ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. மாட்டிய பெல்ட் தானாகவே திறந்துகொள்ளும். அந்த நேரம் பார்த்து வண்டி எதிலாவது மோதினால், அந்த சீட்டில் இருப்பவர் நேராகக் கண்ணாடியில் போய் விழுவார். வண்டியைக் கொண்டுவந்தால் இருபது நிமிடத்தில் புது லாக் மாட்டிவிடலாம். இலவசம்தான் என்று எல்லோருக்கும் கடிதமும் போயிருந்தது. எங்கள் பட்டியலில் நூற்றுப் பதினெட்டுப் பேர். இரண்டு வாரத்தில் முடித்திருக்க வேண்டும். ஆறு வாரம் ஆகியும் முப்பத்தொரு பேர்தான் வந்திருந்தார்கள்.

வண்டி சரியில்லை என்று திட்டுகிறவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டதற்காகத் திட்டுகிறவர்களை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

“எங்க வண்டிக்கு அதெல்லாம் வராதும்மா” என்றார் பல் டாக்டர் ஒருவர்.

“சார், லிஸ்ட்ல உங்க வண்டி நம்பர் இருக்கு.”

“அப்ப லிஸ்ட்டுதான் தப்பு.”

ஜவுளிக்கடைக்காரருக்கு இலவசம் என்ற வார்த்தையிலேயே சந்தேகம். “சும்மா மாத்தித் தரீங்கன்னா அதுல ஏதோ இருக்கு. நல்ல பார்ட்டைக் கழட்டி வச்சுக்கிட்டு மட்டமானதை மாட்டப் பாக்கறீங்க” என்று அடித்துப் பேசினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இது நிச்சயம் வேறு ஃபேக்டரியில் செய்த வண்டிகளுக்கான கடிதம் என்று எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். கரடியாய்க் கத்தினாலும் பயனில்லை. கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். “உங்க மாமனார் மாத்திட்டாரா?”

அங்கேதான் நான் மாட்டிக்கொள்வேன். ஏனென்றால் அந்தக் கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று எங்கள் ஊரில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதன் தலைவர் என் மாமனார். குடிநீர் வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் சென்டரில் அவருக்கு ‘ஜப்பான்காரர்’ என்று பட்டப்பெயர். அது தெரிந்தும் அவர் கோபப்பட்டதில்லை, உள்ளூர மகிழ்ச்சிதான். கடிதம் வந்த அன்றைக்கே குழுவில் எழுதிவிட்டார்: ‘நமது வண்டிகளுக்கு இது தேவையில்லை. யாரும் பதற வேண்டாம்.’ அவரே போகாதபோது மற்றவர்கள் ஏன் வருவார்கள்?

“வீட்டுல கொஞ்சம் பேசுங்க மேடம்” என்றார் எங்கள் மேனேஜர். வீட்டில் பேசுவது என்னவோ அவருக்கு ஒரு ஃபைலில் கையெழுத்து வாங்குவது மாதிரி.

பேசினேன். சாயங்காலம் ஹாலில் மாமா செய்தித்தாளோடு இருந்தார். அத்தை சோபாவில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி இரண்டு தரம் படித்தார்.

“மரியாதைக்கு எழுதியிருக்கான்.”

“என்ன மாமா மரியாதை? லாக்கை மாத்தணும்னு போட்டிருக்கான்.”

“உனக்குத் தெரியாதும்மா. ஜப்பான்காரன் தப்பே பண்ணலன்னாலும் மன்னிப்புக் கேப்பான். அது அவங்க பண்பாடு.” பிறகு சரித்திரத்தை ஆரம்பித்தார். கம்பெனியைத் தொடங்கியவர் முதலில் சைக்கிள் மணி செய்து விற்றாராம். ஒரு மணி சரியாக ஒலிக்கவில்லை என்று கேள்விப்பட்டு, வாங்கியவர் வீட்டை மழையில் தேடிப் போய் மாற்றிக் கொடுத்தாராம். அப்புறம் லாரி, அப்புறம் கார், பாலைவனத்தில் ஓடியது, பனியில் ஓடியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. இது உண்மையா, குழுவில் யாரோ கட்டிவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அவரே வீடு தேடிப் போய் மாத்திக் கொடுத்தாரே மாமா. இதுவும் அதேதானே?”

“அது அந்தக் காலம்.”

என் வீட்டுக்காரர் இந்த இடத்தில் போன் வந்தது போல எழுந்து வெளியே போனார். போன் வரவில்லை. அப்பாவிடம் பேச வேண்டி வரும்போதெல்லாம் அவருக்கு அப்படி ஒரு போன் வரும்.

“அத்தை உக்கார்ற சீட்டு மாமா அது” என்றேன். சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் அத்தையின் அக்கா வீட்டுக்குப் போவார்கள். நாற்பது கிலோமீட்டர், முழுக்க நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் லாரிகள். எனக்கு அந்த நாற்பது கிலோமீட்டர்தான் பயம். பட்டியலில் இருக்கும் மற்றவர்கள் எனக்கு நம்பர்கள். இது அப்படி இல்லை.

“பன்னெண்டு வருஷமா உக்கார்றா. என்ன ஆயிடுச்சு?” என்று மாமா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அத்தை ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

மறுநாள் வேலைக்குப் போனதும் எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். கம்பெனி எழுதிக் கொடுத்த வசனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேள்வியாகவே கேட்டேன். “சார், பக்கத்து சீட் பெல்ட் எப்பவாவது தானா திறந்திருக்கா?”

“திறக்கும்” என்றார் பல் டாக்டர் சாதாரணமாக. “அது என் மனைவிக்கு மாட்டத் தெரியாது.”

அடுத்து ஜவுளிக்கடைக்காரருக்குப் போட்டேன். அவருடைய அம்மா அழுத்தி மாட்ட மாட்டாராம், கையில் பலம் போதாதாம். தலைமையாசிரியரின் மனைவி வண்டியில் சும்மா வரமாட்டாராம். “அந்த சிவப்பு பட்டனை நோண்டிட்டே வருவாங்க. எத்தனை தரம் சொன்னாலும் கேக்கறதில்ல” என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். அன்று காலை ஒன்பது பேரிடம் பேசினேன். ஏழு வண்டிகளில் பெல்ட் திறந்திருக்கிறது. ஏழிலும் குற்றவாளி மனைவி, இல்லாவிட்டால் அம்மா. ஒரு வீட்டில் மட்டும் அக்கா. வண்டி மேல் ஒரு தூசு இல்லை.

ஹெட்செட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதன் ஒரு காது உடைந்துவிட்டது. இத்தனை வருடமாக ‘ஒரு குறை சொல்ல முடியாத வண்டி’ என்று ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயரை யார் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் நேரே அடுப்படிக்குப் போய் அத்தையைக் கேட்டேன். “உங்க பெல்ட் திறந்துக்குதா அத்தை?”

அத்தை குழாயை மூடினார். ஹால் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “நாலு வருஷமா.”

“ஏன் சொல்லல?”

“சொல்லாம இருப்பனா? சொன்னேன். ஜப்பான்காரன் செஞ்சது தானா தொறக்காது, உனக்கு மாட்டத் தெரியலன்னாரு. அன்னிக்கு அவங்க குழு ஆளுங்க நாலு பேரு வந்திருந்தாங்க. அவங்க முன்னாடியே, எப்படி மாட்டறதுன்னு எனக்குப் பாடம் நடத்தினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கறதில்ல. கையால பிடிச்சுக்குவேன்.”

“போற வழி முழுக்கவா?”

“போகவும் வரவும்.”

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, அதில் பாதி என் மேலேயே வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுகிற அத்தை, காரில் மட்டும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ‘அத்தைக்கு கார்னா பயம்’ என்று நானும்தான் கேலி செய்திருக்கிறேன். இந்தப் பெல்ட்டைப் பற்றி ஊரையே கூப்பிட்டு எச்சரித்துக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டில் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர்கள் கிளம்பும்போது சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

“என்னை ஆபீஸ்ல விட்டுட்டுப் போங்க மாமா. அதுவரைக்கும் நான் ஓட்டறேன். நீங்க அத்தை சீட்ல உக்காருங்க.”

“நான் எதுக்கு அங்க உக்காரணும்?”

“அந்த பெல்ட்ல ஒண்ணும் இல்லன்னு குழுவுல எழுதினது நீங்கதானே? உக்காந்து காட்டுங்க.”

அத்தை முந்திக்கொண்டு பின் சீட்டில் ஏறிவிட்டார். மாமாவுக்கு வேறு வழியில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்படி மாட்டினார். “சத்தம் கேட்டுச்சா? இப்படித்தான் மாட்டணும்.”

வண்டியை நடந்து போகிற வேகத்தில்தான் ஓட்டினேன். எங்கள் தெரு முனையில் ஒரு வேகத்தடை உண்டு. அதில் ஏறி இறங்கியதும் ‘டக்’ என்றது. பெல்ட் சரசரவென்று மேலே சுருண்டு போனது.

மாமா அதையே பார்த்தார். “நான் சரியா அழுத்தல போலிருக்கு” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மனிதர் மனைவியை மட்டும் இல்லை, தன்னையே விட்டுக்கொடுப்பார், கம்பெனியை விட்டுக்கொடுக்க மாட்டார். திரும்ப மாட்டினார், இந்தத் தடவை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தி. பள்ளிக்கூடத்து வேகத்தடையில் திறந்தது. மறுபடி மாட்டினார். தபால் நிலையத் திருப்பத்தில் வேகத்தடைகூட இல்லை, ஒரு சின்ன பள்ளம்தான், அதற்கும் திறந்தது. அதற்கப்புறம் அவர் மாட்டிவிட்டுக் கையை எடுக்கவில்லை. லாக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

முகத்தில் ஈயாடவில்லை. ஒரு சிக்னல் தாண்டிய பிறகு, பின்னால் திரும்பாமலே கேட்டார். “உனக்கும் இப்படித்தான் ஆகுதா?”

“நாலு வருஷமா ஆகுது” என்றார் அத்தை.

“சொல்லியிருக்கலாமே.”

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். வாயைத் திறந்தால் மரியாதை போய்விடும் என்று ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, நான் பேச வேண்டியிருக்கவில்லை.

“சொன்னேன்” என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. “நாலு பேரு முன்னாடி சொன்னேன். ஒரு பெல்ட் மாட்டத் தெரியாதவன்னு பேரு வாங்கினேன். உங்க வண்டி பேரு கெடக் கூடாதுன்னு நீங்க என் பேரைக் கெடுத்தீங்க.”

நான் வண்டியை எடுத்தேன்.

சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் பதினெட்டு நிமிடத்தில் வேலையை முடித்தார். அந்தப் பதினெட்டு நிமிடமும் மாமா வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘கம்பெனியின் பெருந்தன்மையை மதித்து, முன்னெச்சரிக்கையாக’ என்று ஆரம்பித்திருந்தார். இந்த மனிதரை என்ன செய்வது?

“மாமா, பூசி மெழுகாதீங்க. திறந்துச்சுன்னு எழுதுங்க.”

நிமிர்ந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘என் வண்டியில் பெல்ட் மூன்று முறை தானாகத் திறந்தது. மாட்டியவர் மேல் தவறில்லை. உடனே போய் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது குறை சொல்லியிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள்.’ அனுப்பிவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் எழுந்திருப்பதற்குள் என் மேஜையில் போன் அடித்தது. பல் டாக்டர்தான். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார்.

பேசி முடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். மாமா வண்டியின் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்காகவும் அவர் கார்க் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை.

“வா, உக்காரு. இனிமே திறக்காது.”

அத்தை அந்த சீட்டையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். “நான் இங்கயே உக்காந்துக்கறேன்.”

“ஏன், அதான் சரி பண்ணியாச்சே?”

“வண்டியைத்தானே சரி பண்ணினாங்க” என்று அத்தை பின் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

மாமா திறந்த கதவோடு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அதைச் சாத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார்.