பதினோரு நிமிடம்

அப்பா எறிந்த இடுக்கி சின்னவளின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. பெயர்ந்த காரை, மேசையில் அவள் தேய்த்து வைத்திருந்த பதக்கங்கள்மேல் உதிர்ந்தது. அவள் குனிந்தாள், எழவில்லை. அந்த வீட்டில் குனிந்தவர்கள் அவசரப்பட்டு எழுவதில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும், இல்லை. கரண்ட் அடுப்பையும் அம்மாவின் ஓவனையும் சேர்த்துப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். அன்று அம்மா ஓவனைப் போட்டிருந்தாள்.

காலையில் எழுந்ததும் அம்மாவும் சின்னவளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. “வானிலை எப்படி?” அன்று சின்னவள், “மேகமூட்டம். மத்தியானத்துக்குள்ள இடி,” என்று சொல்லியிருந்தாள். அம்மா சிரித்துவிட்டுக் களிமண்ணைப் பிசையப் போய்விட்டாள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு நினைவுப் பதக்கம் செய்து கொடுப்பது அம்மாவின் வேலை. பாலிமர் களிமண்ணைக் கைச்சூட்டில் பதமாகப் பிசைந்து, வில்லையாகத் தேய்த்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவாள். அவர்கள் குழந்தையின் பாதத்தை அதில் அழுத்தித் திருப்பித் தருவார்கள். அம்மா அதைத் துளி வடிவத்தில் வெட்டி, ஓட்டை போட்டு, அரை மணி நேரம் ஓவனில் வேகவைப்பாள். வெந்ததைத் தேய்த்து வளையம் கோப்பது சின்னவள். வேகாத வரைக்கும் அந்த மண் இறுகாது. மாதக்கணக்கில் கிடந்தாலும் ஒரு நகம் பட்டால் போதும், தடம் விழுந்துவிடும்.

அன்று ஓவனுக்குள் இருந்தவை இரண்டே இரண்டு. இரட்டைப் பிள்ளைகள். ஒன்று வீடு வந்து சேர்ந்துவிட்டது. இன்னொன்று ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அதன் பாதத்தை நர்ஸ் ஒருத்தி ஒரே ஒரு முறை அழுத்தி எடுத்துக் கொடுத்திருந்தாள். இன்னொரு முறை எடுக்க வழியில்லை.

“அந்தச் சனியன இன்னைக்குத் தூக்கி வெளிய போடுறேன் பாரு,” என்று அப்பா ஓவனை நோக்கி வந்தார்.

வழக்கமாக அம்மா ஒதுங்கிவிடுவாள். உடைந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு மறுபடி பிசைவாள். அன்று முக்காலியை இழுத்துப் போட்டு ஓவன் முன்னால் உட்கார்ந்து, அதன் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது பிடரியில், அவள் நெற்றி ஓவன் கண்ணாடியில் மோதி, சூடு பட்டுச் சிவந்தது. கை விடவில்லை. “வெந்ததும் தூக்கிப் போடுங்க,” என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு. மூன்றாவது அடி காதோடு விழுந்தது. நான்காவதுக்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அப்பா அதை வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார். அப்படியே பக்கவாட்டில் சரிந்து, மேசைக்காலில் தலை இடித்து, தரையில் விழுந்தார்.

சின்னவள் போனை எடுத்தாள். எண்ணை அழுத்திப் பச்சைப் பொத்தானில் விரல் வைத்தபோது, அம்மா திரும்பாமலே சொன்னாள்.

“மணி அடிக்கட்டும்.”

ஓவனில் இன்னும் பதினோரு நிமிடம் காட்டியது.

அப்பாவின் தொண்டையில் குறட்டைபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. விரல்கள் தரையைச் சுரண்டின. கண்கள் திறந்திருந்தன, யாரைப் பார்த்தன என்று சொல்ல முடியாது. இனி அம்மா கைப்பிடியை விட்டாலும் பதக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடிக்க வந்தவர்தான் கீழே கிடக்கிறாரே. அம்மாவுக்கு அது தெரியும். சின்னவளுக்கும் தெரியும். பொத்தானிலிருந்து விரலை எடுத்தவள் அவள்தான். யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஏழாவது நிமிடத்தில் சுரண்டும் சத்தம் நின்றது. அதற்கப்புறமும் நான்கு நிமிடம் இருந்தது.

வந்த டாக்டர், எப்போது விழுந்தார் என்று கேட்டார். இப்போதுதான் என்று சின்னவள் சொன்னாள். மாரடைப்பு என்று எழுதிவிட்டு, “கொஞ்சம் முன்னாடின்னா பாத்திருக்கலாம்மா,” என்றார். எல்லா வீட்டிலும் சொல்வதாக இருக்கலாம். அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் அதற்குப்பின் சின்னவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். வேறு ஊரில் டயர்க்கடை வைத்திருப்பவன். அப்பாவின் தோள், அப்பாவின் குரல். கடையில் வேலைக்கு யாரும் ஆறு மாதத்துக்குமேல் நிற்பதில்லை. கூடத்தில் கிடத்தியிருந்த உடம்பின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

நாலு மணி வாக்கில் வாசலில் ஒரு இளம் ஜோடி வந்து நின்றது. விஷயம் தெரியாமல் பதக்கம் வாங்க வந்துவிட்டவர்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக இருந்தார்கள். அம்மா உடம்பின் பக்கத்திலிருந்து எழுந்து உள்ளே போய், பஞ்சு வைத்த சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் திறந்து பார்த்தாள். சின்னப் பாதத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். வெகுநேரம் அந்த விரலை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தவள் முகம் மாறியது.

“அம்மா, உங்க காதுல ரத்தம் வருது.”

“தெரியும்மா. நீ பத்திரமாப் போ.”

அவ்வளவு நேரம் அதே கூடத்தில் இருந்த இருபது பேரில் ஒருவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அப்பாவின் தங்கையான அத்தை சும்மா இருக்கவில்லை. “பொணத்த நடு வீட்டுல வச்சுக்கிட்டு வியாபாரம் நடக்குது. என் அண்ணன் விழுந்தப்பவும் மகராசி இதத்தான் உருட்டிக்கிட்டு இருந்திருப்பா,” என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அண்ணன் எழுந்து வந்தான். ரத்தம் என்று அந்தப் பெண் சொன்னது அவன் காதிலும் விழுந்துதான் இருக்கும். அவன் கேட்டது வேறு.

“அவரு விழுந்தப்ப நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?”

“இங்கதாண்ணா. விழுந்த உடனே கூப்பிட்டேன்,” என்றாள் சின்னவள்.

“இல்லப்பா,” என்றாள் அம்மா. “பதினோரு நிமிஷம் கழிச்சுத்தான் கூப்பிட்டோம். இவ போனை எடுத்தா. நான்தான் வேண்டாம்னேன்.”

கூடத்தில் அழுகை நின்றுவிட்டது. அண்ணனின் முழங்கை முதலில் பின்னால் போனது. பிறகு விரல்கள் விரிந்தன. அப்படிக் கை ஓங்குவது எந்த வரிசையில் நடக்கும் என்பது சின்னவளுக்கு மனப்பாடம். அவள் குனிந்துவிட்டாள். அம்மா குனியவில்லை.

“அடிப்பா,” என்றாள். “அவரு மூணோட நிறுத்திட்டாரு.”

அடி விழுந்தது. அம்மாவின் தலை ஒரு பக்கம் திரும்பி, மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தது.

“நாலு,” என்றாள் அம்மா.

அத்தை வாயில் துணியை வைத்துக்கொண்டாள். வெளியே வண்டி வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அண்ணன் போய் உடம்பின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கினான்.

எல்லாம் முடித்து, குளித்துவிட்டு அவன் உள்ளே வந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. அவன் தரையில் உட்கார்ந்தான். அம்மா தட்டில் சோறும் குழம்பும் போட்டுக் கொண்டுவந்தாள். குனிந்து தட்டைத் தரையில் வைத்து, விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் இரண்டு எட்டு நகர்ந்து நின்றாள். உட்கார்ந்திருப்பவன் எழாமல் கை நீட்டினால் எட்டாத இடம் அது. யோசித்துச் செய்ததல்ல, கால்கள் தாமாகப் போய் நின்றுகொண்டன.

“சாப்பிடுப்பா. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட.”

அண்ணன் தட்டைப் பார்த்தான். தட்டுக்கும் அம்மாவின் பாதங்களுக்கும் நடுவில் இருந்த வெறுந்தரையைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.