சுண்ணாம்பில் வளர்ந்த நாய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு அதட்டலாகத்தான் வந்தது. ஆம்பூரைத் தாண்டிய ரயிலில், முதுகுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல்: "சனிக்கெழம நாய் வண்டி வருது. புடிச்சிக் குடுத்துடு." திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டார்கள். எனக்குக் கதைகள் இப்படித்தான். முகம் வருவதற்கு முன்னால் வாய் வந்துவிடும். ஆத்திரம் அடங்காமல் அந்தக் குரலுக்குக் கன்னியப்பன் என்று பேர் வைத்தேன். பதில் சொல்ல ஆள் வேண்டாமா? அவன் பெண்டாட்டி எல்லம்மாவைக் கூட்டிவந்தேன். வருஷம் 1931 என்று போட்டுக்கொண்டேன். பொங்கலுக்கு ஒரு வாரம்.

2

கருணையே உருவான எல்லம்மா, தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் விழுந்த நாய்க்குட்டியைக் கண்டு மனம் இளகி—

அந்த வரியை அடித்துவிட்டேன். கருணையாவது! ஊறின தோலில் மயிர் வழிக்கிற வேலைக்காரி அவள். குழியோரம் பிறந்து வளர்ந்த குட்டி உள்ளே விழுந்து தத்தளித்தபோது, சுற்றி நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள். அவளுக்கு வந்தது கோபம். கழி போட்டு இழுத்தாள், கழுவினாள், முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். (முதுகில் பாதி மயிர் போயிருந்தது. அழகான நாய் வேண்டுபவர்கள் வேறு கதை படிக்கலாம்.)

3

வந்த நாளிலிருந்து குட்டி ஒரே இடத்தில்தான் ஒன்றுக்குப் போனது: பொங்கலுக்காகப் புதுசாக வெள்ளையடித்த நடைச் சுவரில்.

"இன்னாமே இது, ஊடா கக்கூசா?"

"புதுசா வந்த உசுருய்யா. பழகும்."

"அதும் மூஞ்சியப் புடிச்சி அதுலயே தேய். அப்பதான் புத்தி வரும்."

"தெனம் அதே செவுத்துல வெத்தல துப்புறியே, ஒம் மூஞ்சிய எதுல தேய்க்கிறது?"

(இதை நான் எழுதவில்லை; அவளே சொன்னாள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.)

கன்னியப்பன் சனிக்கிழமை என்று கெடு வைத்தது அப்போதுதான்.

4

எல்லம்மா கஞ்சி ஊற்றினதும் குட்டியை வேலியோரம் தூக்கிப் போவாள், காத்திருப்பாள். அது வாலை ஆட்டும், மண்ணை மோந்து பார்க்கும், உள்ளே ஓடிவந்து சுவரை நனைக்கும். பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள், "ரெண்டு போட்டாத்தான் படியும்" என்றாள். எல்லம்மா போடவில்லை.

புதன்கிழமை ஷாப்பில், குழியோரம் நாலு நாய்கள் வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். வழித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

சாயங்காலம் சவுரியம்மாளிடம் கத்தினாள்: "அது ஒழுங்காத்தான் கீதுக்கா! சுண்ணாம்பு வாசன எங்கியோ அங்கதான் போவணும்னு கத்துக்கினு வந்துகீது. ஊட்டுக்கே சுண்ணாம்பு பூசினது நாம. அதுக்கு அத ஒதைக்கிறதா?"

வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை வேலியோரம் ஊற்றினாள். அது காய்ந்ததும், வியாழக்கிழமை, குட்டி மோந்தது, ஒரு சுற்று சுற்றியது, காலைத் தூக்கியது. அவள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. ஒரு துண்டுக் கருவாடும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மூன்று தடவையும் அங்கேயே.

5

இதைக் கண்ட கன்னியப்பன் மனம் மாறி, குட்டியின் தலையைத் தட—

மாட்டான். ரயிலில் நான் கேட்டது மாறுகிற குரல் இல்லை.

சனிக்கிழமை காலை. வண்டி வாசலில். நாய் பிடிக்கிற பஞ்சாட்சரம் சுருக்குக் கயிற்றோடு நிற்கிறார். நடைச் சுவர் நனைந்திருக்கிறது.

"பாத்தியா? சனியன் திருந்தாது. இட்டுக்கினு போய்யா."

எல்லம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு குட்டியைத் தூக்கிவந்து சுவரோரம் நிறுத்தினாள்.

"அண்ணே, நீயே பாரு. குட்டி எம் முட்டிக்குக்கூட வராது. ஈரம் எங்க கீது? இடுப்பு ஒசரத்துல கீது."

பஞ்சாட்சரம் சுவரைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், கன்னியப்பனை மேலும் கீழும் பார்த்தார். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது எங் கயித்துக்கு அடங்கற கேஸ் இல்ல தாயி."

6

நாய் பிழைத்தது, முடித்துவிடு என்கிறீர்கள். (எழுதுகிறவள் கிழவி, சீக்கிரம் சமாதானமாகிவிடுவாள் என்ற நினைப்பு.) முடியாது. ஒரு குட்டியின்மேல் பழி போட வளர்ந்த ஆம்பிளை இருட்டில் எழுந்துவந்து சுவரை நனைத்திருக்கிறான். கதையை எழுதிய எனக்கே அவமானமாக இருக்கிறது. இன்னும் வாசலில்தான் நிற்கிறான். எல்லம்மா உலை வைத்துவிட்டாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டபடி என்னைக் கேட்கிறாள்:

"எத்தினி பேருக்கும்மா போடட்டும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் கொதிக்கிறது, நீங்கள் சொல்லுங்கள். போனால் போகிறது, மன்னித்துவிடு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.