ரெண்டு கிலோ பொறுக்காத காய்

"ரெண்டு கிலோ ஏலக்காய் வேணும் சார். பொறுக்காத காய். ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்துக்கு."

தாளாளர் விஜயபாண்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடமும் அவருடையது, எதிர்ச்சாரியில் இருக்கும் ஏலக்காய்க் கடையும் அவருடையது. அந்தக் கடையில்தான் என் அம்மா பொன்னுமணி பதினாறு வருசமாகக் காய் பொறுக்குகிறாள். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைச் சுளகில் கொட்டி, பருத்தது, சிறுத்தது, வெடித்தது, கறுத்தது என்று பிரிக்கிற வேலை. நான் டீச்சராகச் சேர்ந்த அன்று அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "முதலாளிகிட்ட எதையும் கேட்டுப் போய் நின்னுறாத. கேட்டா குடுத்துருவாரு. அதுதான் பயம்."

"பாயாசம் காய்ச்சப் போறியாம்மா?" என்றார் அவர்.

"பேச வைக்கப் போறேன் சார்."

தை மாதம் பெற்றோர் கூட்டம். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பு மேடையேறி இங்கிலீஷில் பேசினால் என் வேலை நிரந்தரம். பேசாவிட்டால் வேறு ஆள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேறு ஆள் என்ற சொல் எனக்கு எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்துவிடு, போன வருசமும் அதைத்தான் செய்தோம் என்று மற்ற டீச்சர்கள் சொன்னார்கள். அது பேச்சா? வாய்ப்பாடு.

எனக்கு ஒன்று மட்டும் புரியவே இல்லை. ஊருக்குப் போகும் சிலமலை பஸ்சில் இதே பிள்ளைகள் கண்டக்டரைக்கூடப் பேச விடமாட்டார்கள். வகுப்பில் எழுப்பி, "டெல் மீ அபவுட் யுவர் வில்லேஜ்" என்றால் கல். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நான் வகுப்புக்கு வெளியே போய் நின்றும் பார்த்தேன். கடைசி பெஞ்ச் மகாவின் குரல் எப்படி இருக்கும் என்பதே ஐந்து மாதமாக எனக்குத் தெரியாது. வருகைப் பதிவுக்கும் கையை மட்டும் தூக்குவாள்.

அவரிடம் கேட்பதற்கு முந்தின சனிக்கிழமை வீட்டுச் சாவி கொடுக்கக் கடைக்குப் போனேன். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மகாவின் அம்மா ஒச்சம்மாள் தன் புருசனைப் பற்றி, வெளியில் சொல்லத் தயங்குகிற ஒரு விசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் அம்மா பதில் சொன்னாள். இரண்டு பேரும் தலையைத் தூக்கவில்லை. கண் காயில் இருக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். வாய்க்குச் சட்டம் கிடையாது.

சாவியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். பி.எட். படிப்பில் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குங்கள் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்துப் பேசினால், ஒன்று சண்டை, இல்லை பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பிள்ளைகளை நான் தினமும் சண்டைக்கல்லவா கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்?

அதனால்தான் போய்க் கேட்டேன். அம்மா சொன்னபடியே, உடனே கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் வட்டமாக உட்கார வைத்தேன். ஆளுக்கு ஒரு கை காய். எதை எங்கே வைக்கிறாய், ஏன் என்று பக்கத்து ஆளிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. பத்து நிமிசம் காய் உருளும் சத்தம் மட்டும்தான்.

பிறகு தங்கப்பாண்டி ஆரம்பித்தான். "திஸ் ஒன் ஓப்பன் மவுத். லைக் யூ."

"யூ ஒன்லி ஓப்பன் மவுத். கீப் கொயட்," என்றாள் முத்துப்பிரியா.

சிரிப்புக்கு நடுவில் ஒரு கட்டைக் குரல் கேட்டது. "ஓப்பன் ஒன் நோ பிரைஸ். மை மதர் சே." மகா. குனிந்த தலை நிமிரவில்லை. வொய் என்று கேட்டேன். வாசம் போய்விடும் என்பதற்குத் தன்னிடம் இருந்த நாலைந்து சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அம்மாவுக்குக் கழுத்து வலி என்றாள். ராத்திரி தூக்கத்தில் அம்மா வெறும் தலையணையில்கூட விரலால் பொறுக்குவாள் என்றாள். இலக்கணம் நொண்டியது. நான் திருத்தவில்லை. எங்கே போய் முடிப்பாள் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

நிமிர்ந்தபோது வாசலில் விஜயபாண்டி நின்றார். ரொம்ப நேரமாக நின்றிருக்க வேண்டும். அவர் பிள்ளைகளின் வாயைப் பார்க்கவில்லை, தரம் பிரித்து வைத்த குவியல்களைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அம்மா எனக்கு முன்னால் வீட்டில் இருந்தாள். பத்துப் பேருக்கு ரெண்டு நாள் சோலி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதில் தான் ஒருத்தி, ஒச்சம்மாள் ஒருத்தி. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

காலையில் தெரிந்தது. கடையின் சுமைக்காரர் கன்னையன் என் வகுப்பு வாசலில் இரண்டு சாக்கு ஏலக்காயோடு நின்றார்.

"எங்கன இறக்கட்டும் டீச்சர்?"

பின்னாலேயே விஜயபாண்டி வந்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் பார்த்ததில்லை. "பொறுக்கிக்கிட்டே பேசட்டும்மா. ரெண்டு சோலியும் முடிஞ்சிரும். தைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், இந்த மாசமே உன்னை நிரந்தரமாக்கிடுவோம்."

நிரந்தரம். அந்தச் சொல்லை அப்பாவிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பஸ்சில் எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, சாக்கை இறக்க மூலையில் இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

மகா எழுந்தாள். சாக்கைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, விஜயபாண்டியின் கண்ணைப் பார்த்தாள்.

"சார். தட் இஸ் மை மதர்ஸ் ஒர்க்."

"என்ன சொல்லுது இந்தப் புள்ள?" என்றார் என்னிடம்.

"அது அவ அம்மாவோட சோலியாம். எங்கம்மா சோலியும்தான். நேத்து வேண்டாம்னு அனுப்புனீங்கள்ல, அந்தச் சோலி."

அவர் முகம் மாறியது. "உக்காரச் சொல்லு அவளை."

"பேச வைக்கத்தான சார் வேலைக்கு வச்சீங்க?"

கன்னையனிடம், "அண்ணே, ஒரு பக்கம் பிடிங்க," என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார், அசையவில்லை. நானே ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தேன். வாசலைத் தாண்டினால் இந்தப் பக்கம் வரக் கூடாது என்றார் விஜயபாண்டி. தெரியும் சார் என்றேன். மகா தலையை நிமிர்த்தினாளே, அப்போதே அது முடிவாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுக்கு வாங்க," என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னேன். "ஆளுக்கு ஒரு படி நிலக்கடலை கொண்டாங்க. உரிக்காதது."

கடலை உரித்தாலும் பேச்சு வருமா, இல்லை தின்றுகொண்டே சும்மா இருப்பார்களா? யோசித்தபடியே சாக்கை இழுத்துக்கொண்டு படி இறங்கி, எதிர்ச்சாரிக் கடையைப் பார்த்து நடந்தேன்.