ஜூலிக்காகப் போட்ட தரை

மோசஸின் முதுகு போனது ஜூலியைச் சுமந்துதான். சிஞ்ச்வட்டில் சொசைட்டி ஃபிளாட், இரண்டாவது மாடி. கிழட்டு நாய்க்குப் பின்னங்கால்கள் தளர்ந்த நாளிலிருந்து காலையும் மாலையும் அதைத் தூக்கிக்கொண்டு நாற்பது படி இறங்குவார், ஏறுவார். மகளை உலாத்தக் கூட்டிப்போகிறீர்களா பெரியவரே என்று கீழ்வீட்டுக்காரர் மராத்தியில் கேட்பார். பிள்ளையில்லாத மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? மோசஸ் நாயைத் தோள் மாற்றிக்கொண்டு அடுத்த படியில் கால் வைப்பார். பதில் சொல்ல மூச்சு இருந்தால்தானே.

வீட்டுக்குள்ளும் நிம்மதியில்லை. மொசைக் தரையில் ஜூலி ஒருமுறை வழுக்கி விழுந்தது. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்காது, ஊசி போட்டு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். அன்று முதல் அவர் மனைவி மேவிஸ் வீடு முழுக்கச் சாக்கு விரித்துவைத்தாள். சின்ன நாய் சோட்டு ஒவ்வொன்றாய் இழுத்துப்போடும், அவள் ஒவ்வொன்றாய்ச் சரிசெய்வாள். பகல் பூராவும் இதே வேலை.

ஓய்வுபெற்ற கையோடு, நகரின் இன்னொரு கோடியில், கோந்த்வாவில் ஒரு மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார் மோசஸ். அது எண்பதாம் வருஷம். முப்பது வருஷம் தொழிற்சாலையில் இயந்திர உறுப்புகளுக்கு வரைபடம் போட்டவர், இப்போது நாய்களை அளந்தார். தரையில் குப்புறப் படுத்து, நாயின் கண்ணுக்கு எது தெரியும் என்று பார்த்தார். படுத்தபடியே தெருவைப் பார்க்கட்டும் என்று கூடத்து ஜன்னலைத் தரைக்கு ஒன்றேகால் அடி மேலே வைத்தார். வாசலில் படி கிடையாது, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சரிவு. சமையலறைக்குப் பாதிக் கதவு, சோட்டு எட்டிப் பார்க்கலாம், வாய் வைக்க முடியாது. மழைக்காலச் சேற்றுக்காலைக் கழுவப் பின்வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். குளிருக்கு, காற்றடிக்காத மூலையில் அடுப்புச் சுவரை ஒட்டிப் படுக்கை.

எல்லாவற்றையும்விடத் தரைதான் முக்கியம். காவி சிமெண்டைப் பூசி, இழைக்காமல் சொரசொரப்பாகவே விடச் சொன்னார். இப்படி விட்டால் என் பேர் கெட்டுவிடும் என்று கொத்தனார் மூன்று நாள் மல்லுக்கு நின்றான். வேலை முடிய இரண்டு வருஷம் ஆயிற்று, மனிதர் பாதியாகிப் போனார். கடைசியில் மேவிஸ் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நடந்து பார்த்தாள்.

"இதுல நிக்கும்" என்றாள். இரண்டு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை பாதிரியார் வந்து புதுவீட்டு ஜெபம் செய்வதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் புது வீட்டில் முக்கால்வாசிச் சாமானை இறக்கிவிட்டு, மோசஸ் எஞ்சிய சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா ஜெபமணி, சபைப் பெண்கள் நான்கு பேருடன் ஆட்டோவில் வந்து இறங்கினாள். யார் வீட்டில் ஜெபம் என்றாலும் முந்தின நாளே போய்க் கழுவித் துடைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். எல்லாரும் முழங்கால் போடுகிற தரையல்லவா?

"ஏலே மோசஸு, என்னலே இது, தரை மாட்டுத் தொழுவம் மாதிரி கெடக்கு? நாளைக்கு பாஸ்டரய்யா வாறாவ. செவப்பு மெழுகு பாலிஷ் நாலு டப்பா கொண்டாந்திருக்கோம். நீ வீட்டுக்குப் போயி படு, நாங்க பாத்துக்கிடுதோம்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வேண்டாமென்றால் ஏன் என்பாள். நாய்க்காக என்றால், நாய்க்கா வீடு கட்டினாய் என்பாள். அப்புறம் பிள்ளையில்லாத கதை வரும், மேவிஸின் தலை உருளும், ஒரு மணி நேரம் போய்விடும். மோசஸிடம் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தெம்பில்லை. காலையில் சீக்கிரம் வந்து சோடா உப்புப் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார்.

"போறப்ப பூட்டிட்டுப் போங்கக்கா" என்று சாவியை நீட்டினார்.

சிஞ்ச்வட்டுக்குப் போய் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார். விழித்தபோது நன்றாக விடிந்துவிட்டிருந்தது, மிச்சச் சாமானை ஏற்ற வந்த டெம்போக்காரன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இனித் தரையைத் தேய்க்க நேரமில்லை. மேவிஸிடம் சொல்லவேண்டும். படியில் சொல்லலாம் என்று நினைத்தார், டெம்போவில் சொல்லலாம் என்று நினைத்தார். அவளோ வழியெல்லாம் ஜூலியின் காதில் புது வீட்டைப்பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். அவளை அப்படிப் பார்த்துப் பல நாளாயிற்று.

கோந்த்வாவில் சபையார் இருபது பேர் காத்திருந்தார்கள். மோசஸ் பின்பக்கம் போய் டிரங்குப் பெட்டியை இறக்கித் திரும்புவதற்குள் மேவிஸ் ஜூலியை வாசலில் இறக்கிவிட்டிருந்தாள். அது யார் கையும் படாமல், தானாகவே, சரிவில் நடந்து ஏறியது.

"மேவிஸ், பிடி அத" என்று கத்தினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஜூலி கூடத்துக்குள் போய்விட்டது. நான்கு டப்பா பாலிஷில் சொரசொரப்பு மூடிப்போய்த் தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. நாய் இரண்டு எட்டு வைத்தது. பின்னங்கால்கள் பக்கத்துக்கொன்றாய் விரிந்தன. அது போட்ட சத்தத்தில் பாதிரியாரின் பேச்சு நின்றது.

ஜெபமணிக்குத்தான் முதலில் விளங்கியது. "கர்த்தரே, எனக்குத் தெரியாதே மேவிசு. ஒரு வார்த்தை யாரும் சொல்லலியே" என்று அழுதாள்.

மேவிஸ் தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க என்ன செய்வீங்க மைனி? தெரியாமத்தானே செஞ்சீங்க."

மோசஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். முடியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "அக்கா சொல்லிட்டுத்தான் செஞ்சா. நாந்தான் சாவியக் குடுத்தேன். வேண்டாம்னு சொல்லத் தெம்பில்ல மேவிஸ். அலுத்துப்போச்சு."

மேவிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் தெரிந்திருந்தால்கூடத் தேவலை.

ஜெபத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று பாதிரியார் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பண்ணுங்கய்யா" என்றாள் மேவிஸ். "வீடு கட்டியாச்சே."

பிறகு டெம்போக்காரனைக் கூப்பிட்டாள், மிருக வைத்தியரிடம் போகவேண்டும் என்று. ஜூலியைத் தூக்க மோசஸ் குனிந்தார். அவள் அவர் கையை விலக்கினாள். குத்தலாக இல்லை, நிஜமாகவே அவருக்காகச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"வேண்டாம், நீங்க இருங்க. அலுத்துப் போயிருக்கீங்க."