அப்துல் லத்தீபின் நிக்காஹ்

கபீரின் தாத்தாவுக்கு நான்கு பெயர்கள். காரைக்காலில், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவில் அவர் அப்துல் லத்தீப். சைகோனுக்குக் கப்பலேறியபோது காதர் மொய்தீன். அங்கே துணிக்கடை உரிமத்தில் சுல்தான் மரைக்கார். மவுத்தானபோது கொடுத்த இறப்புச் சான்றிதழில் முகம்மது யாகூப். நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க கபீருக்கு இரண்டு வருடம் பிடித்தது. பிறந்த நாளும் தகப்பன் பெயரும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தது ஆண்டவன் புண்ணியம். காதில் விழுந்ததை வெள்ளைக்காரன் எழுதித் தொலைத்திருப்பான் என்று கபீர் சொல்லிக்கொண்டார்.

பாக்கி ஒன்றுதான். தாத்தாவின் கல்யாணப் பதிவு. அது கிடைத்தால் கபீரின் வாப்பா பிரெஞ்சுக் குடிமகனின் பிள்ளை. அந்த வழியில் கபீர், கபீர் வழியில் மகன் இஃபாத். வெள்ளிக்கிழமை இஃபாத்துக்கு நிக்காஹ். பெண், கபீரின் அக்கா ஆஸியா பீவியின் மகள் நஜீபா. காகிதம் கைக்கு வந்தால் பிள்ளைகள் இருவரும் பாரீஸில் ஒன்றாக இருக்கலாம். வராவிட்டால் இஃபாத் மறுபடி துபாயில், நஜீபா உம்மா வீட்டு மாடியில். கபீர் அப்படித்தான் பதினெட்டு வருடம் ஓட்டினார். மகனுக்கு அது வேண்டாம் என்று நினைத்தார்.

நகராட்சியில் பதிவு இல்லை. தங்கள் தெருப் பள்ளிவாசலிலும் இல்லை. அப்புறம்தான் தன் மடத்தனம் உறைத்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிற தெருக்கள் இவை. நிக்காஹைப் பெண்ணின் தெருவில்தான் எழுதுவார்கள். புதன்கிழமை லுஹர் தொழுகை முடிந்ததும் தாத்தாவின் மனைவி கதீஜா பிறந்த தெருவுக்குப் போனார்.

அங்கே நிக்காஹ் பதிவைப் பார்த்துக்கொள்பவர் காஜா நஜ்முதீன். அவர் வாப்பாவும் அதைத்தான் பார்த்தார். நஜீபாவின் வீடும் அதே தெருவில் என்பதால் வெள்ளிக்கிழமை எழுதப்போகிறவரும் அவரே. கபீர் விவரம் சொல்லி முடித்தார். காஜா நஜ்முதீன் எழுந்திருக்கவில்லை.

"தேட வேணாம் கபீர். இருக்காது."

"எழுதலியா?"

"எழுதுனாங்க. அப்புறம் அந்தத் தாள எடுத்துட்டாங்க."

இதை அவர் தன் வாப்பா சொல்லக் கேட்டிருந்தார். அப்துல் லத்தீப் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவருடைய உம்மா மவுத்தாகிவிட்டாள். இந்தத் தெருப் பெண்ணொருத்தி தன் மூத்த மகனோடு சேர்த்து அந்தப் பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். காலம் போனது. அவளுடைய கடைசி மகள்தான் கதீஜா. கூடக் குடித்தவன் மூத்தவன், கதீஜா எவ்வளவோ பின்னால் பிறந்தவள், அவளுக்கு இதில் என்ன என்று இரண்டு வீடும் இருந்துவிட்டது. நிக்காஹும் நடந்தது. கொஞ்ச நாள் கழித்து மார்க்கம் படித்த வெளியூர் ஆலிம் ஒருவர் விருந்துக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக இது அவர் காதில் விழுந்தது. சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"பால் குடுத்தவ உம்மா," என்றார் காஜா நஜ்முதீன். "அவளுக்கு முன்னாடி பொறந்தது பின்னாடி பொறந்தது எல்லாமே கூடப்பொறந்ததுதான். அஞ்சு தடவ வயிறு நெறஞ்சாப் போதும், நிக்காஹ் ஆகாது. கொறஞ்சாத்தான் கணக்கில்ல."

ஜமாஅத் பிரிந்துவிடச் சொன்னது. இருவரும் தலையாட்டினார்கள். அந்த வாரமே ஊரில் இல்லை.

"பேரு மாறுனது எழுதுனவன் தப்பில்ல. அவரே மாத்திக்கிட்டாரு. போற எடமெல்லாம் இவ எம் பொஞ்சாதின்னு சொல்லணும்ல."

தாளை எடுத்தது எந்த வருடம் என்று கபீர் கேட்டார். கேட்டதும் கணக்கு தானாக ஓடியது. வாப்பா பிறந்தது அதற்குப் பிறகு. காஜா நஜ்முதீன் வேறு பக்கம் பார்த்தார். ஆண்டவன் மன்னிக்கிறவன் என்றார். வெள்ளிக்கிழமை நேரத்தோடு வந்துவிடுவதாகவும் சொன்னார்.

வெளியே வெயில் காந்தியது. செருப்பை மாட்டும்போது கபீர் வாப்பாவை நினைக்கவில்லை. இஃபாத்தை நினைத்தார்.

இஃபாத் பிறந்த நாற்பதாம் நாள் அவர் மனைவி நசீமுக்கு மஞ்சள் காமாலை முற்றி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கபீர் துபாயில். ஆஸியா பீவிக்கு அப்போது தலைப்பிள்ளை தஹ்ஸீன் மடியில். தம்பி மகனையும் தூக்கிக்கொண்டாள். இதை யாரும் மறைத்ததில்லை. தஹ்ஸீனும் இஃபாத்தும் இன்றைக்கும் ஒருவனை ஒருவன் பால் பங்காளி என்றுதான் கூப்பிடுவார்கள். நஜீபா நாலு வருடம் கழித்துப் பிறந்தவள்.

ஆஸியா பீவி மாடியறையில் நின்று புதுமணத் தம்பதிக்கான கட்டிலைச் சுவரோரம் நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் ஆட்களைக் கீழே அனுப்பினாள். கபீர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அழவில்லை.

"யாருக்குத் தெரியும்?"

"நீ பால் குடுத்தது எல்லாருக்குந்தான் தெரியும், லாத்தா."

"குடுத்தது தெரியும். எத்தன தடவன்னு எவனுக்குத் தெரியும்? நீ துபாயில கெடந்த. நசீம் நெனவில்லாமக் கெடந்தா. மத்த நேரமெல்லாம் பவுடர் பால்தான் கலக்கிக் குடுத்தேன்னு சொல்லிடுறேன். எத்தனன்னு கேட்டா நாலு."

"உள்ளது எத்தன?"

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு புள்ளைக்கும் பால் பத்தணும்னு அந்த வருசம் நான் நோன்பே புடிக்கலடா. போதுமா?"

ஊரைக் கூப்பிட்டாயிற்று, பெண் சிரித்துக்கொண்டு திரிகிறாள், நீயே கீழே போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள் என்றாள் ஆஸியா பீவி. தாத்தா வாழவில்லையா என்றும் கேட்டாள். சைகோனில் அவரை யாருக்கும் தெரியாது என்றார் கபீர். அப்படியானால் இவர்களையும் பாரீஸுக்கு அனுப்பிவிடு என்றாள். எந்தக் காகிதத்தை வைத்து என்று அவர் கேட்கவில்லை.

கீழே நஜீபா கைகளை விரித்து மருதாணி காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்தப் பேப்பர் கெடச்சுச்சா?"

"இல்லம்மா."

"கெடக்காட்டிப் போவுது. ஒங்க மவன இந்த வீட்டுத் தூண்லயே கட்டிப் போட்டுக்குறேன்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கபீரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரை முகத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு போன் அடித்தது. உள்ளே நசீம் கல்யாணச் சட்டையை இஃபாத்தின் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். கபீர் வாசலுக்கு வந்து எடுத்தார். காஜா நஜ்முதீன்.

"கபீர், மத்தியானம் ஒண்ணு கேக்க மறந்துட்டேன். நெருங்குன சொந்தத்துல முடிக்கிற எல்லார்ட்டயும் கேக்குறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல யாரும்..."

"நாலு தடவதான்," என்றார் கபீர்.

கேள்வி இன்னும் முடிந்திருக்கவில்லை.

காஜா நஜ்முதீன் மெல்லக் கேட்டார்.

"யாரு எண்ணுனா?"